தவமணியம்மாவின் வெறும் வயிறு

சளக். சளக். சளக்.

போன கிழமை கோப்பாய்ச் சந்தி தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் போனார். பின் கரியரில் கயிற்றால் கட்டிய நீல நிறத் தண்ணீர்க் கான். மழை தின்ற வீதி. ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே இருந்த தண்ணீர் ஒரு பக்கச் சுவரில் மோதித் திரும்பி, மற்றப் பக்கச் சுவரில் மோதியது. நான் ஸ்கூட்டியை ஒரு வேலியோரம் நிறுத்திவிட்டேன். மற்றவர்களுக்கு அது தண்ணீர்ச் சத்தம். எனக்கு அது ஒரு மனுசியின் வயிற்றுச் சத்தம்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் சர்மிளா தொலைபேசியில் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். நான் விட்டுவந்த எக்ஸ்ரே பகுதியில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள். "அக்கா, பேரியம் ஆயத்தத் தாளைப் புதுசா அடிக்கப் போறம். தமிழ் சரியோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். எட்டு அறிவுறுத்தல்கள். முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு உணவு கூடாது, நீர் கூடாது, வெற்றிலை கூடாது, புகைத்தல் கூடாது என்று வரிசையாக. எல்லாம் சரி. ஒன்பதாவது வரி தடித்த எழுத்தில் இருந்தது: 'மேற்கூறிய அறிவுறுத்தல்களைப் பின்பற்றாது வரும் நோயாளிகள் திருப்பி அனுப்பப்படுவர்.'

உடனே அழைத்தேன். "ஒன்பதாவதை வெட்டிவிடு."

"ஏனக்கா, எழுத்துப் பிழையோ?"

"இல்லை. எழுத்திலை ஒரு பிழையும் இல்லை."

"அது எப்பவும் இருக்கிற வரிதானே. நீங்கள் இருக்கேக்கையும் இருந்தது."

"இருந்தது. அதாலைதான் வெட்டச் சொல்லுறன்."

"அப்ப காரணத்தை எழுதித் தாங்கோ அக்கா. மேலிடத்திலை காட்டோணுமெல்லே."

எழுதுகிறேன். காரணம் ஒரு வரியில் அடங்காது. மேலே காட்டுவதாக இருந்தால் முழுவதையும் காட்டட்டும்.

இருபத்தொன்பது வருடம் நான் எக்ஸ்ரே எடுத்தேன். பயிற்சி கொழும்பில்: எலும்புகளின் பெயர், கதிரின் கணக்கு, விடுதியின் பருப்புக்கறி. வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு மாற்றலாகி வந்து, குடாநாட்டின் ஒரு வைத்தியசாலையில், கதிர் தடுக்கும் ஈய அங்கியைத் தோளில் சுமந்து, அந்தப் பாரத்தில் முதுகெலும்பு ஒரு நாள் இனி முடியாது என்று சொன்னதும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். நெஞ்சுப் படம், கால் முறிவு, குண்டுச் சிதறல் என்று ஆயிரம் எடுத்திருந்தாலும், என் நெஞ்சுக்கு நெருக்கமாக இருந்தது பேரியம் அறைதான்.

அந்த அறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண எக்ஸ்ரே என்பது நின்றுபோன படம். இது ஓடும் படம். உணவுக்குழாயும் இரைப்பையும் குடலும் மென்சதை. கதிர் அவற்றைக் காணாமலே கடந்து போய்விடும். அதனால் கதிரைத் தடுக்கும் வெள்ளை மருந்தான பேரியத்தை நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்போம். அது இறங்க இறங்க உள்ளே இருக்கும் இருட்டுக்கு ஓர் உருவம் வரும். தொண்டை ஒரு அருவி. இரைப்பை ஒரு கொக்கி. குடல் இறகு இறகாக விரியும். திரையில் ஒரு மனிதர் விழுங்குவதை முதன்முதலில் பார்த்த அன்று, நாங்கள் எல்லோரும் உள்ளே இவ்வளவு அழகாக இருக்கிறோமா என்று நினைத்தேன்.

பேரியம் கலப்பது என் வேலை. பேரிய மாவைக் கோப்பையில் போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டும். அந்தக் கட்டி திரையில் சதை வளர்ச்சி மாதிரித் தெரியும்; இல்லாத நோயொன்று நோயாளியின் தலையில் விழும். வேகமாக அடித்தால் நுரை. நுரையும் பொய் சொல்லும். நீண்ட கரண்டியால் ஒரே பக்கமாக, பாற்கஞ்சிப் பதம் வரும்வரை சுற்றுவேன். சிலநேரம் ஸ்ட்ரோபெரி வாசம் போட்ட மா வரும். அந்த வாசத்தை நம்பி வாயில் வைத்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "பிள்ளை, சுண்ணாம்புக்கு ஏன் சென்ற் பூசியிருக்கிறியள்?" என்று கேட்டார் ஒரு தாத்தா.

பெருங்குடலைப் படமெடுப்பதென்றால் ஆயத்தம் இன்னும் கொடுமை. இரண்டு நாள் கீரையில்லை, பனங்கிழங்கு ஒடியல் இல்லை, தவிட்டரிசி இல்லை. பிறகு பேதி மாத்திரை. காலையில் கழுவுதல். அதன்பின் பேரியத்தைக் கீழ்வழியாக ஏற்றி, ஆளைப் புரட்டிப் புரட்டிப் படம். முடிந்ததும் அந்த மனிதர் ஓட வேண்டும். எங்கே ஓடுவது? மலசலகூடம் நடையின் மறு அந்தத்தில் இருந்தது. வரிசையாகச் சனம் உட்கார்ந்திருக்கும் மர வாங்குகளைத் தாண்டி, பின்பக்கம் திறந்த வைத்தியசாலை அங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். போய்ச் சேர்ந்தால் கதவுக்குக் கொண்டி இல்லை. கொண்டிக்கு நான் கடிதம் எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். கடைசியில் மருதனார்மடத்தில் ஒரு கடையில் நானே வாங்கிக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். நோயாளி எட்டு விடயத்தில் ஆயத்தமாக வர வேண்டும் என்று தாள் அடிக்கத் தெரிந்த எங்களுக்கு, அவருக்காக ஒரு கொண்டியை ஆயத்தம் செய்யத் தெரியவில்லை. இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

சனம் பொய் சொல்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லும்.

"வெறும் வயிறுதானே ஐயா?"

"ஓம் பிள்ளை. சத்தியமா வெறும் வயிறு."

"தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"தேத்தண்ணி குடியாமல் என்னெண்டு பஸ் ஏறுறது?"

வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டே "போட்டனான்தான், ஆனால் விழுங்கேல்லை" என்றவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணீர் சாப்பாட்டுக் கணக்கில் வராது. அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

ஒருமுறை பட்டணத்திலிருந்து ஒரு முஸ்லிம் தையற்கார நானா வந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல காலம் இருந்து திரும்பியவர். நோன்பு மாதம். கோப்பையை நீட்டினேன். வாங்கவில்லை.

"மகள், வெறும் வயித்தோடை வரச் சொன்னியள். இதைவிட வெறும் வயிறு யாழ்ப்பாணத்திலை உங்களுக்குக் கிடைக்காது. ஆனா குடிக்க மாட்டன். பொழுதுபட்டு மஃரிபு தாண்டட்டும், ரெண்டு கோப்பையாத் தாங்க."

எல்லோரும் சிரித்து, பெருநாளுக்குப் பிறகு ஒரு திகதி கொடுத்தோம். அன்று வந்து கோப்பையைக் கையில் எடுத்தபடி, "இண்டைக்கும் பட்டினிதான். இது உங்களுக்காக" என்றார். அவருடைய நோன்பை நாங்கள் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இதை நான் வேண்டுமென்றே இங்கே எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்கு இருந்த கதிரியக்க நிபுணரை நாங்கள் 'பெரியவர்' என்போம். கிழமையில் இரண்டு நாள் வருவார். கத்தமாட்டார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார், மூன்றாவது மடிப்பு ஒருநாளும் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போடுவார். ஈய அங்கியின் நாடாவை இழுத்துப் பார்ப்பார். பிறகு திரையைப் பார்த்துத்தான் "வணக்கம்" சொல்வார். நோயாளி அந்த வணக்கத்துக்குப் பதில் சொல்லித் தலையைத் திருப்பும்போது அவர் மிதிவிசையில் கால் வைத்திருப்பார். ஒரு படத்தில் மற்றவர்கள் காணாத பத்து விடயத்தைக் காணும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் நோயாளியின் முகத்தில் பட்டு நான் பார்த்ததில்லை. முடிந்ததும் சுட்டுவிரலை உயர்த்துவார். மெல்லிய குரலில், "அடுத்தது."

'அடுத்தவர்' அல்ல. அடுத்தது.

கார்த்திகை மழையில் ஒரு காலை. கோப்பாயிலிருந்து தவமணி என்று ஒரு அம்மா வந்தா. அறுபதுக்குக் கிட்டிய வயது. சட்டையின் இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தியிருந்தா. அவவின் உடம்பு அந்தச் சட்டைக்குள் அண்மையில்தான் சுருங்கியிருந்தது. வெளியே வாங்கில் அவவின் கணவர் கனகசபை. கத்தரியும் வெங்காயமும் வைத்து மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோகிற தோட்டக்காரர். கிளினிக்கிலிருந்து வந்த துண்டுச்சீட்டில் ஒரேயொரு சொல்: அசீரணம்.

வழமையான கேள்விகளைக் கேட்டேன். தேத்தண்ணி? இல்லை. வெற்றிலை? பழக்கமில்லை. தண்ணீர்?

அவ சிரித்தா. "பிள்ளை, நான் கந்தசட்டி பிடிக்கிறனான். ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். சூரன்போர் பாத்து, பாறணைக்குத்தான் சோறு. இருவத்தொரு வரியம். உங்கடை ஒரு ராத்திரி எனக்கு ஒரு விரதமே?"

மேசையில் படுக்கவைத்து, கோப்பையைக் கொடுத்து, மேசையை நிமிர்த்தும் பொத்தானை அழுத்தினேன். மேசை அசைந்தது.

சளக்.

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. 'அடி, வாளிக்கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்' என்றுதான் என் மனம் சொன்னது.

திரையில் பேரியம் வழுக்கி இறங்கவில்லை. கலங்கிய குளத்தில் சுண்ணாம்பை எறிந்த மாதிரித் துண்டு துண்டாகத் தாழ்ந்தது. வெள்ளைக்குள் எங்கு பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாக ஓட்டைகள். உணவு. ஒரு வேளை உணவல்ல, நிறைய.

பெரியவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "வெறும் வயிறாம். மருதனார்மடம் சந்தை முழுக்க உள்ளுக்குக் கிடக்கு."

சிற்றூழியர் குணம் அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன். எழுதுகிறேன்: நானும் சிரித்தேன்.

"ஐயா, நான் ஒண்டும் தின்னேல்லை."

சுட்டுவிரல் உயர்ந்தது. "அடுத்தது."

குணம் அண்ணை அவவை வெளியே கொண்டுபோனார். பகிடி நல்ல பகிடி என்றால் அதைத் தனக்குள் வைத்திருக்க மாட்டார். "தாளை வாசிக்கத் தெரியாட்டி ஆரையும் கேக்கிறதெல்லே அம்மா? சந்தையை விழுங்கிப்போட்டு வந்து நிண்டால் டொக்டர் என்ன செய்யிறது? போங்கோ, திகதி எடுத்துக்கொண்டு போங்கோ." நடையில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். வாங்கு வாங்காகச் சிரிப்பு ஓடியது. அதில் கோப்பாய்ச் சனமும் இருந்தது.

நான் கதவடியில் நின்றேன். கையில் அவவின் துண்டு. என் உருண்டைக் கையெழுத்தில் எழுதினேன்: 'நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. உணவு உட்கொண்டு வந்துள்ளார்.' மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு திகதி. ஒன்பதாவது வரி தன் வேலையைச் செய்தது.

அந்தப் பகிடி அவர்களுக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருக்கிறது. பின்னால்தான் அறிந்தேன். அடுத்தநாள் சந்தையில் கனகசபையரின் கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் ஒருவன் நின்று, "என்ன அண்ணை, இண்டைக்குச் சந்தைக்குக் கொண்டந்திருக்கிறியளோ, இல்லாட்டி எல்லாம் வீட்டிலை மனுசியின்ரை வயித்துக்கையோ?" என்று கேட்டிருக்கிறான். கோயிலில் பெண்கள் கதைத்திருக்கிறார்கள்: ஆறு நாள் மிளகு கடிக்கிறவவாம், ஒரு ராத்திரி கிடக்கேலாமல் போச்சாம். அப்ப அந்த ஆறு நாளும் என்ன தின்டவவோ?

நன்றாகக் கவனியுங்கள். ஒரு கெட்டுப்போன படத்தால் அவவின் இருபத்தொரு வருடமும் பொய்யாகிப்போனது.

இரண்டாம் முறை வந்தபோது முகம் இன்னும் சிறுத்திருந்தது. சட்டையில் ஊசி இன்னும் உள்ளே ஏறியிருந்தது. நான் பேரியத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னா:

"பிள்ளை, ரெண்டு நாளா வாயிலை ஒண்டும் வைக்கேல்லை. பல்லு விளக்கின தண்ணியையும் துப்பிப்போட்டன். ஒண்டு கேக்கட்டே? ஞாயிற்றுக்கிழமை தின்ட கத்தரிக்காய் வியாழக்கிழமை ஓங்காளிச்சுச் சத்தியா வருது. விதை விதையாத் தெரியுது. உப்பிடி வருமோ?"

"அதை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ அம்மா," என்றேன், கரண்டியிலிருந்து கண் எடுக்காமல். கட்டி தட்டிவிடும் என்ற பயம்.

சொன்னா. மேசையில் படுத்தபடி, கூரையைப் பார்த்து, அதே வார்த்தைகளில் சொன்னா. பெரியவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "ஆ, கத்தரிக்காய். தின்டதை ஒத்துக்கொண்டால் சரி."

மேசை அசைந்தது. சளக். அதே கலங்கல் குளம். அதே விரல்.

தன் நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த மனுசி எங்களுக்கு எடுத்துச் சொன்னா. கிழமையைச் சொன்னா, காயைச் சொன்னா, விதையைச் சொன்னா. கேட்பதற்கு அந்த அறையில் காதுகள் இருக்கவில்லை. ஒரு கதிர் இயந்திரம் இருந்தது, ஒரு கண் இருந்தது, ஒரு கரண்டி இருந்தது.

நான்கு கிழமைக்குப் பிறகு ஒரு திகதி. வெளியே வந்தவவிடம் கனகசபையர் எழும்பி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார். கதவடியில் நின்ற எனக்கும் கேட்டது.

"தவம், என்னட்டையெண்டாலும் உண்மையைச் சொல்லு. ஏதும் வாயிலை போட்டனியே?"

அவ அவரைப் பார்த்தா. நடந்து போனா.

இந்தக் கதையை நான் ஒரு பகிடியாகத்தான் றீற்றா சிஸ்டருக்குச் சொன்னேன். சத்திரசிகிச்சை வார்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி அவ. சிற்றுண்டிச்சாலையில், வடையைக் கடித்துக்கொண்டு, சந்தைப் பகிடியைச் சொன்னேன். கத்தரிக்காயையும் சொன்னேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தா.

"மேசையை ஆட்டேக்கை சத்தம் கேட்டதோ?"

"என்ன சத்தம்?"

"அரைக் கான் தண்ணி ஆடின மாதிரி."

"ஓம்."

"ரெண்டு தரமுமோ?"

"ஓம்."

"விசரி," என்றா. அவ என்னைப் பைத்தியம் என்று கூப்பிட்டது அதுதான் முதலும் கடைசியும். "அது தின்டுபோட்டு வந்த வயிறில்லையடி. வாசல் அடைபட்ட வயிறு. கீழை போற வழி இல்லை. அவ மாதக்கணக்கிலை பட்டினி கிடந்தாலும் அதுக்கை சோறு கிடக்கும். நீங்கள் ரெண்டு தரம் நோயைக் கண்டுபோட்டு, ரெண்டு தரமும் நோயாளியைத் திட்டி அனுப்பியிருக்கிறியள்."

தவமணியம்மா விரதம் காத்தா. அவவின் இரைப்பையால்தான் காக்க முடியவில்லை. வெறும் வயிற்றில் உணவு இருப்பதுதான் அந்த நோயின் அடையாளம். நாங்கள் அதற்குப் பொய் என்று பெயர் வைத்திருந்தோம்.

பெரியவரின் அடுத்த நாளுக்காகக் காத்திருந்து, அறைக்குள் போய்ச் சொன்னேன். முதலாவது மடிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், கோப்பாய் அம்மா. வார்டிலை மறிச்சு வைச்சு, ரியூப் போட்டு வயித்தை வெறுமையாக்கிப்போட்டுப் பார்ப்பமோ? இரைப்பை வாசல் அடைப்பெண்டால்…"

இரண்டாவது மடிப்பு. "நீங்கள் எப்ப தொடக்கம் றிப்போட் எழுதுறனீங்கள்?"

மெல்லிய குரல்தான். அந்த மெல்லிய குரலுக்கு முன்னால் நான் பதினைந்து வருடம் வாய்மூடி நின்றிருக்கிறேன். அன்றும் மூடினேன். ஆனால் கால் நிற்கவில்லை. றீற்றா சிஸ்டரிடம் போனேன். அவ வார்டு டொக்டரிடம் போனா. அன்று மத்தியானமே கனகசபையருக்கு அழைப்புப் போனது; நான்கு கிழமைத் திகதிக்குக் காத்திராமல் அவவை வார்டில் சேர்த்தார்கள்.

சிஸ்டர் கட்டிலைத் தன் மேசைக்கு முன்னால் போடுவித்தா. இரண்டு நாள், வாயால் ஒரு சொட்டு இல்லை. கைநரம்பில் மட்டும் சேலைன். மூன்றாம் நாள் காலை மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். வேசின் நிறைந்தது. இன்னொரு வேசின் கொண்டுவரச் சொன்னார்கள். புளித்த மணம் வார்டின் யன்னல்வரைக்கும் போனது. கலங்கலுக்குள், இரண்டு நாள் வார்டுக் காவலைத் தாண்டி, கத்தரிக்காய் விதைகள்.

கனகசபையர் அருகில் நின்று பார்த்தார். பிறகு கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"ரெண்டாந்தரம் திருப்பி விட்ட அண்டைக்கே நான் குசினிக்குப் பூட்டுப் போட்டனான் பிள்ளை," என்றார் என்னிடம். "திறப்பை என்ரை மடியிலை முடிஞ்சு வைச்சிருந்தனான். அவ ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளை, அவ ஒண்டுமே கேக்கேல்லை."

கழுவி வெறுமையாக்கிய வயிற்றோடு மூன்றாம் முறை. இம்முறை பேரியம் ஒழுங்காக இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. இரைப்பை ஒரு சாக்கு மாதிரி இடுப்புக்குக் கீழ்வரை தொங்கியது. வெளிவாசலில், நூல் கோர்க்கும் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் வழி.

பெரியவர் நெடுநேரம் பார்த்தார். விரல் உயரவில்லை. "ம்" என்றார். அங்கியைக் கழற்றிப் போய்விட்டார். மாலையில் வந்த அறிக்கை எந்தப் பாடநூலிலும் வைக்கக்கூடியது. அடைப்பின் இடம், நீளம், ஓரத்தின் கரடுமுரடு, எல்லாம் துல்லியம். முந்திய இரண்டு தடவைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவவுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

அதைவிடப் பெரிய கோபம் எனக்கு வார்டில் காத்திருந்தது. படங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலடியில் நின்றார். அறிக்கையைப் படித்தார். தலையை ஆட்டினார். தவமணியம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனம்மா இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?"

அவ என்னைத்தான் பார்த்தா.

"அவ பிந்தேல்லை சேர். ரெண்டு தரம் வந்தவ. நாங்கள்தான் திருப்பி அனுப்பினனாங்கள்." சொன்னேன். உரத்துத்தான் சொன்னேன். அதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அது புற்று. வெட்டி எடுக்க முடியாத இடத்துக்குப் பரவியிருந்தது. அடைப்பைச் சுற்றிக் குடலுக்கு ஒரு மாற்றுவழி தைத்துவிட்டார்கள். அவ மறுபடி சோறு தின்றா. அடுத்த ஐப்பசிக் கந்தசட்டியைக் கண்டா. அதற்கடுத்ததைக் காணவில்லை. அந்தக் கிழமைகள் இழக்கப்படாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் வார்டு டொக்டரைக் கேட்டேன். "சொல்லேலாது அக்கா," என்றார். நேர்மையான பதில். ஆனால் அந்தச் சொல்லேலாததை வைத்து எனக்கு ஒருவரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். நோய் எங்கள் கையில் இல்லை என்பது சரி. ஒரு மனுசி வாய் திறந்து சொன்னதை நம்புவது எங்கள் கையில் இருந்தது.

இப்போது பேரியம் குறைந்துவிட்டது. வாய்வழியே கமரா விட்டே பார்க்கிறார்கள். போகட்டும், நல்லது. ஆனால் கமரா அறை வாசலிலும் அதே பேச்சுத்தான். போன மாதம் என் தங்கையோடு போய் இருந்தபோது என் காதால் கேட்டேன்: "தின்டுபோட்டு வந்து பொய் சொல்லுதுகள்." 'சொல்லுதுகள்.' மாடுகள், ஆடுகள், நோயாளிகள்.

ஆகவே சர்மிளா, ஒன்பதாவது வரியை வெட்டு. அந்த இடத்தில் இதைப் போடு. இது நோயாளிக்கான வரி அல்ல. தாளின் மறுபக்கத்தில் உங்களுக்கும், மேலே இருப்பவர்களுக்குமாக அடி: 'அறிவுறுத்தலின்படி வந்ததாக நோயாளி கூறியும் வயிற்றில் உணவு காணப்பட்டால், அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அன்றே வார்டுக்கு அறிவிக்க வேண்டும்.' யாராவது காரணம் கேட்டால் இந்தக் கடதாசிகளைக் கொடு.

இன்னும் ஒன்று பாக்கி.

அவவை வீட்டுக்கு விட்ட நாள். மத்தியானம். முன்வாசலில் ஓட்டோ நின்றது. கனகசபையர் பையையும் தலையணையையும் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஈய அங்கியைக் கழற்றாமலே ஓடிப்போனேன். அவ பின் ஆசனத்தில் ஏறி, சேலைத் தலைப்பை வயிற்றுக்கு மேலே இழுத்துவிட்டு இருந்தா.

"அம்மா, அண்டைக்கு உங்கடை துண்டிலை எழுதினது நான்தான். சிரிச்சதும் நான்தான். நீங்கள் ஒண்டும் தின்னேல்லை. எங்களிலைதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ என் முகத்தைப் பார்த்தா. கோபமாகத் தெரியவில்லை. இரக்கமாகவும் தெரியவில்லை.

"எனக்கேன் பிள்ளை சொல்லுறியள்? நான் தின்னேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே."

ஓட்டோ கிளம்பியது. அவ கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினா.

"அண்டைக்கு வாங்கிலை இருந்த சனத்துக்குச் சொல்லுங்கோ."